கன்றின் பங்கு

அன்புள்ள இளம் கால்நடை மருத்துவருக்கு,

காங்கேயம் வட்டாரத்துக் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களில் பணி தொடங்கும் உங்களிடம் எல்லோரும் கேட்கப்போவது, இந்த மாட்டில் இன்னும் கொஞ்சம் பால் கூட்ட முடியுமா என்பதைத்தான். பதில் சொல்லுமுன் கன்றைப் பாருங்கள். காங்கேயம் மாட்டில் ஒரு நாளைக்குக் கறப்பது சராசரியாக 2 லிட்டரைச் சுற்றித்தான். அதற்கு மேல் ஒரு லிட்டரை இழுத்தால் அது கன்றின் வாயிலிருந்துதான் வரும். முதல் சில வாரங்களில் கன்றின் வயிறு புல்லைச் செரிக்கப் பழகியிராது. ஏறத்தாழ 10 லிட்டர் பால் உள்ளே போனால்தான் 1 கிலோ எடை கூடும். தினம் ஒரு லிட்டர் குறைந்தால் 90 நாளில் 9 கிலோ போச்சு. இருபது கிலோவை ஒட்டிப் பிறக்கும் கன்றுக்கு இது தாங்கும் இழப்பல்ல.

மழை பெய்து கொழுக்கட்டைப் புல் தழைத்தால் மெலிந்த கன்று தேறிவிடும் என்பார்கள். பாதி உண்மை. பால் மறந்து மேயத் தொடங்கிய கன்று அப்படித் தேறும். பால்குடிப் பருவத்தில் காய்ந்த கன்று முழுதாகத் தேறுவது அரிது. தேறியதாக நாம் காட்டுவதும் பிழைத்த கன்றுகளை மட்டுமே. கழிச்சலில் போனவை அந்தக் கணக்கில் வருவதில்லை. ஆகவே எவ்வளவு கறப்பது என்பதைவிட எப்போது கறப்பது என்பதே பெரிய கேள்வி. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் கறக்கும் லிட்டரைக் கன்று பொறுக்கும். சித்திரையில், வெள்வேல் காயை நம்பி நிற்கும் தாயிடம் கறக்கும் அதே லிட்டர் கன்றின் விலா எலும்பில் தெரியும்.

பால் இன்றைக்கே காசு தருகிறது, கன்று காத்திருக்கச் சொல்கிறது என்ற வாதம்தான் வலுவானது. கைக்காசில்லாத வீட்டில் அதைத் தட்டிப் பேசாதீர்கள். ஆனால் இந்த இனத்தில் பெரிய காசு கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் நிற்கும் காளைக்குத்தான். கன்று முட்டாமல் நாட்டு மாடு பாலை எளிதில் இறக்காது என்பதால், கன்று செத்தால் கறவையும் பெரும்பாலும் நின்றுவிடும். அதற்காக நாள் முழுக்க ஊட்டவிடவும் வேண்டாம். தாய் மறுபடி பருவத்துக்கு வரத் தாமதமாகும். காலையும் மாலையும் கறந்தபின் ஊட்டவிடுங்கள், மடியின் கடைசிப் பாலில்தான் கொழுப்பு அதிகம். கோடையில் இரண்டு காம்பை முழுதாகக் கன்றுக்கே விடச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை கன்றின் மார்புச் சுற்றளவை நாடாவால் அளந்து, பால் கணக்கு நோட்டிலேயே பக்கத்தில் எழுதி வையுங்கள்.