கயிறும் கட்டுத்தறியும்

மாட்டைக் கட்டும் கயிறு எத்துணை வலிதாயினும் கட்டுத்தறி உளுத்ததாயின் மாடு நில்லாது. உழவர் யாவரும் அறிந்த இவ்வுண்மையை மோட்டார் வாகனத்தைக் கையாளுவோர் சிலவேளை மறந்துவிடுகின்றனர். காரிலே மனிதனை ஆசனத்தோடு இருத்தும் பாதுகாப்பு வாரை ஆராய்ந்து வாங்குவோர் பலர்; அவ்வாரின் நுனி எங்கே, எதனோடு, எவ்வாறு பிணைக்கப்படல் வேண்டுமென ஆராய்வோர் சிலர். பௌதிகம் பயிலும் மாணவர்க்கும், பொறிகளிற் பற்றுள்ள பழைய மாணவர்க்கும் பயன்படுமாறு இதுபற்றிச் சில கூறுவாம்.

தாமே பூட்டும் கார்

காரைப் பாகம் பாகமாக விலைக்கு வாங்கி, வீட்டுக் கொட்டகையிலே தாமே பூட்டி ஓட்டும் வழக்கம் இங்கிலாந்திலே நெடுங்காலமாக உண்டு. இத்தகைய வண்டியைக் ‘கிற் கார்’ என்பர். கொலின் சப்மன் அமைத்த லோட்டஸ் செவன் என்னும் கார் 1957ஆம் ஆண்டில் வெளிவந்தது. முழுதாகப் பூட்டிய காருக்கு அந்நாளில் விதிக்கப்பட்ட கொள்வனவு வரி, பாகங்களாக விற்ற காருக்கு இல்லாமையாற் பலர் அதனை நாடினர். 1973இல் அவ்வரி ஒழிந்தது, வழக்கமோ ஒழியவில்லை. அதே ஆண்டில் செவன் காரை ஆக்கும் உரிமை கேற்றர்ஹாம் நிறுவனத்தைச் சேர்ந்தது. அவ்வகைக் கார்கள் இன்றும் பாகங்களாக விற்கப்படுகின்றன.

வொல்வோ நிறுவனத்துப் பொறியியலாளர் நீல்ஸ் போலின் அமைத்த மூன்று பிணைப்புடைய வார் 1959 முதல் கார்களிற் பொருத்தப்பட்டு வருகின்றது. தொழிற்சாலையிலே செய்து முடிக்கப்பட்ட காரில் அதற்கான பிணைப்பிடங்கள் முன்னரே அமைந்து சோதனையும் பெற்றிருக்கும். கிற் காரிலோ அவற்றை முறையாக அமைக்கும் பொறுப்பு பெரும்பாலும் பூட்டுபவனையே சாரும். அக்கார்களிற் பலவற்றில், தோளுக்கு இரண்டும் இடுப்புக்கு இரண்டுமாக நான்கு வார்களுடைய தொகுதி பொருத்தப்படும். சிலவற்றிற் கவட்டு வாரும் சேரும்.

விசை எவ்வளவு?

மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் கார் சுவரில் மோதுவதாகக் கொள்வோம். அவ்வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 14 மீற்றர். காரின் முன்புறம் நசுங்குவதாலும் வார் சிறிது நீளுவதாலும் உள்ளிருப்பவர் அரை மீற்றர் தூரத்துள் நிறுத்தப்படுகின்றார் என்க. வேகத்தின் வர்க்கத்தைத் தூரத்தின் இருமடங்கால் வகுப்பின், அமர்முடுகல் 196 என வரும். இது புவியீர்ப்பு ஆர்முடுகலின் 20 மடங்கு. அவருடைய திணிவு 75 கிலோகிராமாயின், அவரை நிறுத்த வேண்டிய விசை 14,700 நியூற்றன். அதாவது ஒன்றரைத் தொன் பாரத்துக்குச் சமம். அவரையொத்த இருபது பேர் ஒருங்கே வார்களிலே தொங்குவதற்கு இஃது ஒப்பாகும். இதுவும் சராசரியே, ஒரு கணத்தில் எழும் உச்ச விசை இதனினும் மிகும்.

மனித உடல் இதனைத் தாங்குமோ என ஐயுறலாம். 1954ஆம் ஆண்டு டிசெம்பர் 10ஆம் நாள் அமெரிக்க விமானப்படை வைத்தியர் ஜோன் போல் ஸ்ராப், உந்துகணை பூட்டிய சறுக்குவண்டியில் மணிக்கு 632 மைல் வேகத்திற் சென்று 1.4 செக்கனில் நிறுத்தப்பட்டார். புவியீர்ப்பின் 46 மடங்கு அமர்முடுகலைத் தாங்கியும் அவர் உயிர் பிழைத்தார். உறுதியாகப் பிணைக்கப்பட்ட உடல் பெரும் விசையையும் தாங்கவல்லது என்பதை இது காட்டிற்று. ஆகவே நாம் அஞ்ச வேண்டியது பிணைப்பு நெகிழ்வதற்கே.

பிணைக்கும் முறை

ஓர் இளைஞர் தம் காரைப் பூட்டுகின்றார். ஆசனத்தின் பின்னே கண்ணாடி நாராலாகிய மேற்றட்டு அழகாக அமைந்திருக்கின்றது. அதிலே துளையிட்டு, போல்ட்டைச் செலுத்தி, கீழே ஒரு வாசரும் நட்டும் இட்டு இறுக்குகின்றார். கையால் இழுத்துப் பார்க்க அசையவில்லை; மனநிறைவு கொள்கின்றார். ஆயின் மோதும் கணத்தில் அவ்வாசர் மெல்லிய தட்டைக் கிழித்துக்கொண்டு வெளியேறும். கையின் இழுவை சில நூறு நியூற்றன்; மோதலின் இழுவையோ பல ஆயிரம். கையாற் சோதித்தது சோதனையன்று.

கார்ப் பந்தயங்களை ஆளும் எப்.ஐ.ஏ. என்னும் சர்வதேசச் சம்மேளனத்தின் விதி, ஒவ்வொரு பிணைப்பிடமும் 14,700 நியூற்றன் தாங்கல் வேண்டும் என்கின்றது. கவட்டு வாருக்கு மட்டும் 7,200 போதும். மேலே நாம் கணித்த முழு விசையும் ஒரே பிணைப்பில் விழினும் அது நிற்றல் வேண்டுமென்பதைக் காண்க. புதிதாக அமைக்கும் இடத்திலே 40 சதுர சென்ரிமீற்றருக்குக் குறையாத பரப்பும் 3 மில்லிமீற்றருக்குக் குறையாத தடிப்புமுள்ள உருக்குத் தகடு இடப்படல் வேண்டும். 25 மில்லிமீற்றர் விட்டமுள்ள வாசர் அழுத்தும் பரப்பு 4 சதுர சென்ரிமீற்றர் அளவே. தகடு அப்பாரத்தைப் பத்து மடங்கு பரப்பிலே பகிர்ந்துவிடுகின்றது.

இத்தகடும் உலோக உடலுக்கே பொருந்தும். உடல் கண்ணாடி நாராலானதாயின் பிணைப்பு உருக்குச் சட்டகத்தையே சென்றடைதல் வேண்டும். சட்டகக் குழாயில் வெறுந்துளை இட்டுப் போல்ட்டை இறுக்கினாற் குழாய் நசுங்கும். துளையினால் அதன் வலிமையும் குன்றும். ஆதலால் தடித்த உருக்குப் புதையைக் குழாயிற் புகுத்திப் பற்றவைத்து, அதனூடாகப் போல்ட்டைச் செலுத்துவர். போல்ட்டு 7/16 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 20 புரியும் உடைய உயர்தர உருக்காய் இருத்தல் மரபு. பழைய இரும்புப் பெட்டியிற் கிடைத்த ஆணி இதற்கு ஆகாது. ஆசனத்திலோ அதன் தாங்கியிலோ வாரைப் பிணைத்தலும் ஆகாது. ஆசனம் பெயரின் ஆளும் உடன் பெயர்வார்.

வாரின் கோணம்

பிணைப்பு வலிதாயிருந்தும் இடம் பிழைத்தால் வாரே தீங்கு விளைக்கும். தோள்வார் தோளைக் கடந்து பின்னே ஏறத்தாழக் கிடையாகச் செல்லுதல் வேண்டும். கிடைக்குக் கீழே 10 பாகைக்கு மேற் சரியாதிருத்தல் நன்று. 45 பாகையைக் கடத்தல் கூடாது. காரணம் எளிது. 10 பாகைச் சரிவில், வாரின் இழுவையில் ஆறில் ஒரு பங்கே தோளைக் கீழ்நோக்கி அழுத்தும். 45 பாகையிலோ பத்தில் ஏழு பங்கு அழுத்தும். அவ்வழுத்தம் முழுவதும் முள்ளந்தண்டையே சாரும். வசதி நோக்கித் தோள்வாரை ஆசனத்தின் பின்னே தரையிற் பிணைப்போர் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

இடுப்புவார் வயிற்றின் மேலே கிடத்தல் ஆகாது. தொடையும் இடுப்பும் சேரும் மடிப்பிலே இடுப்பெலும்பைப் பற்றி, கீழும் பின்னுமாக இறங்கல் வேண்டும். வயிற்றிலே ஏறிய வார் உள்ளுறுப்புக்களைச் சிதைக்கும். உடல் வாரின் கீழே நழுவாமற் காப்பதே கவட்டு வாரின் பணி.

இன்னுமொன்று. நான்கு வார்கள் உடலை நிமிர்த்திப் பிடிப்பதால், திறந்த கார் கவிழும்போது உள்ளிருப்பவர் குனிந்து தப்ப இயலாது. ஆகவே தலைக்கு மேல் உயர்ந்த உருக்கு வளையமின்றி இவ்வார்களை அணிதல் தகாது. வளையம் அமைப்பின், அதன் குறுக்குக் குழாயே தோள்வார்களைப் பிணைக்கும் இடமாகவும் உதவும்.

பிரித்தானியாவில் இத்தகைய காரை வீதிக்குக் கொணருமுன் தனி வாகன அங்கீகாரச் சோதனைக்கு உட்படுத்துவர். வாரின் பிணைப்பிடங்களும் அதிற் பார்க்கப்படும். ஆயினும் மேலுறைகளைப் பூட்டிய பின்னர்த் தகடும் புதையும் பார்வைக்கு மறைந்துவிடும். மறைக்குமுன், பற்றவைத்தலிலும் பொறியியலிலும் தேர்ந்த ஒருவரை அழைத்து அவற்றைக் காட்டுக. அவர் குறை கூறின் மகிழ்ந்து திருத்துக. அக்குறை கொட்டகையிலே வெளிப்பட்டது உயிருக்குக் கிடைத்த ஆதாயமன்றோ!