அஞ்சல் சேவை அகொனாடியின் பளுவைக் குறைக்கும் முறை

லினக்ஸ் கணினிகளில் கேடிஇ பணிமேடையைப் பயன்படுத்துவோரின் அஞ்சல், நாட்காட்டி, முகவரிகள் ஆகியவற்றைத் திரைக்குப் பின்னால் இருந்து பராமரிக்கும் சேவை அகொனாடி ஆகும். 2011-இல் கேடிஇயின் அஞ்சல் செயலியான கேமெயிலின் இரண்டாம் பதிப்பு இதன்மேல் அமைக்கப்பட்டதிலிருந்து, மடிக்கணினியின் விசிறி ஓயாமல் இரைவதைப் பற்றிய முறையீடுகளில் இதன் பெயர் அடிபட்டு வருகிறது. முறையீட்டில் உண்மை உண்டு. ஆனால் தரவுத்தளத்தை எடுத்த எடுப்பில் அழித்துவிடும் பரவலான வைத்தியம் பளுவைக் கூட்டவே செய்கிறது. அழித்தபின் அஞ்சல்கள் அனைத்தும் மீண்டும் இறக்கப்பட்டாக வேண்டும்.

முதற்கண், சிஸ்டம் மானிட்டரைத் திறந்து, செயலியின் உழைப்பை உறிஞ்சுவது எது என்று பார்த்தல் வேண்டும். அகொனாடி தனியொரு நிரல் அன்று: ஒவ்வொரு அஞ்சல் கணக்குக்கும் ஒரு முகவர் நிரல், தேடலுக்காக அஞ்சல்களின் சொற்களைத் தொகுக்கும் அட்டவணை முகவர், பல நிறுவல்களில் மைஎஸ்க்யூஎல் அல்லது மரியாடிபி என்னும் தரவுத்தளம் ஆகியவை அதன் கீழ் இயங்குகின்றன. புதிய கணக்கைச் சேர்த்தவுடன் அட்டவணை முகவர் கடுமையாக உழைப்பது பிழை அன்று. கணினியை மின்னிணைப்பில் வைத்து ஓர் இரவு விட்டுவிட்டாலே பெரும்பாலும் அடங்கிவிடும்.

அதன்பின்னும் அடங்காவிடில், முனையத்தில் அகொனாடிசிடிஎல் என்னும் கட்டளையுடன் 'ஸ்டாப்' சேர்த்துச் சேவையை நிறுத்தி, சற்றுப் பொறுத்து, 'ஸ்டார்ட்' சேர்த்துத் தொடங்கலாம். பொறுமையிழந்து தரவுத்தள நிரலை வலிந்து கொல்லுதல் கூடாது. பாதியில் நின்ற எழுத்துப்பணி தரவைச் சிதைக்கக்கூடும். சேவை இயங்கும்போதே அதே கட்டளையை 'எஃப்எஸ்சிகே' என்னும் சொல்லுடன் இயக்கினால் உள்முரண்பாடுகள் சரிபார்க்கப்படும். 'வேக்யூம்' என்னும் சொல்லுடன் இயக்கினால் தரவுத்தள அட்டவணைகள் ஒழுங்குபடுத்தப்படும். பெரிய அஞ்சற்பெட்டிகளில் இவ்விரண்டும் நெடுநேரம் எடுக்கும்.

எனினும் நிலையான பயன் தருவது பழுதுபார்ப்பு அன்று, சுமைக்குறைப்பே. அஞ்சலை வழங்கியிலேயே வைத்துப் படிக்க உதவும் ஐமேப் முறையில், எந்தக் கோப்புறைகளைக் கணினி கவனிக்க வேண்டும் என்பதைச் சந்தாப் பட்டியல் வழியே பயனரே தீர்மானிக்கலாம். ஜிமெயில் கணக்கில் 'அனைத்து அஞ்சல்' என்னும் கோப்புறை, குப்பையும் எரிதமும் நீங்கலாக மற்றெல்லா அஞ்சல்களையும் மறுபடியும் காட்டுவதால், அதன் சந்தாவை நீக்கும் ஒரே செயலால் வேலை ஏறத்தாழப் பாதியாகலாம். பழைய குழு மடல்களின் கோப்புறைகளையும் இவ்வாறே விலக்கலாம். இணையமின்றிப் படிப்பதற்காக எல்லா அஞ்சல்களையும் இறக்கிவைக்கும் தெரிவு தேவையில்லாதவர்கள் அதை அணைத்துவிடுதல் நன்று. அஞ்சல் பார்க்கும் இடைவெளியையும் நீட்டலாம்.

உலாவியிலேயே அஞ்சல் படிப்போருக்கு இச்சேவை தேவையே இல்லை. ஆயினும் பணிப்பட்டைக் கடிகாரத்தின் நாட்காட்டியில் நிகழ்ச்சிகளைக் காட்டும் செருகுநிரல் இயங்கினால், கேட்காமலேயே அகொனாடி விழித்துக்கொள்ளும். கடிகாரத்தின் அமைப்புகளில் அச்செருகுநிரலை அணைத்து, கேமெயில், நாட்காட்டிச் செயலியான கேஆர்கனைசர் ஆகியவற்றை நீக்கினால் தொல்லை தீர்ந்தது.

இவை எதுவும் பலிக்காதபோதுதான் தரவுத்தளத்தைப் புதுப்பித்தல் வேண்டும். சேவையை நிறுத்திய பின், இல்லக் கோப்புறையினுள் மறைந்திருக்கும் 'லோக்கல்' கோப்புறையில், 'ஷேர்' என்பதன் கீழுள்ள அகொனாடி கோப்புறையை அழிக்காமல் வேறு பெயருக்கு மாற்றிவைப்பதே அறிவுடைமை. வழங்கிக்கு இன்னும் போய்ச் சேராத மாற்றங்கள் அதில் தங்கியிருக்கக்கூடும். புதிய தரவுத்தளத்தில் கோப்புறைகளின் உள்ளெண்கள் மாறிவிடுவதால், வடிகட்டி விதிகளையும் அனுப்பிய அஞ்சல்கள் சேரும் இடத்தையும் பயனர் மறவாமல் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.