ரூ.60,000 புது பிசியா, ரூ.11,000 செலவுல புராசஸரா? என் பில்லை வெச்சே கணக்கு போடுவோம்

2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திடுச்சு. என்னோட டெஸ்க்டாப் 2018-ல அசெம்பிள் பண்ணது. ரைசன் 3 2200ஜி புராசஸர், பி450 மதர்போர்டு. விண்டோஸ் 11 ஏத்துக்கிற பட்டியல்ல அந்த புராசஸர் இல்லை. சரி, விசாரிப்போம்னு காந்திபுரத்துல ஒரு கடைக்குப் போனேன்.

"ஏனுங்க, பழசுல போய் காசு போட்டுட்டு? புதுசாவே எடுத்துக்குங்க. மாசம் அஞ்சாயிரம், பன்னெண்டு மாசம், வட்டியே இல்லைங்க" என்றார் கடைக்காரர்.

கையெழுத்து போடற அளவுக்கு வந்துட்டேன், உண்மையைச் சொல்லணும்ல. ஆனா அந்த "வட்டியே இல்லை"ங்கிறது மட்டும் உறுத்துச்சு. வட்டியே இல்லாத கடன்னு ஒண்ணு கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பர்லயே வங்கிகளுக்குச் சொல்லியாச்சு. இதுல நடக்கிறது என்னன்னா, வங்கி வட்டி போடுது, அதே தொகையை விலையில தள்ளுபடியா காட்டறாங்க. ஆண்டுக்கு 15% வட்டின்னு வெச்சுக்கங்க. ரூ.60,000-ல சுமார் ரூ.4,600 வட்டி. அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி சுமார் ரூ.830, அது நம்ம தலையில. பிராசஸிங் கட்டணம் ரூ.299-ன்னா அதுக்கும் ஜிஎஸ்டி சேர்த்து ரூ.353. ஆக, "வட்டியில்லா" தவணைக்கு கிட்டத்தட்ட ரூ.1,180 கூடுதல். ரொக்கமா குடுத்திருந்தா பேசி குறைச்சிருக்கக்கூடிய தொகை தனி. கைக்கு முப்பதாயிரம் வர்றவருக்கு மாசம் அஞ்சாயிரம்ங்கிறது சம்பளத்துல ஆறுல ஒரு பங்கு. ஒரு வருஷத்துக்கு!

வீட்டுக்கு வந்து பார்த்தா, என் போர்டுல இருக்கிறது ஏஎம்4 சாக்கெட். 2016-ல வந்த சாக்கெட் அது. ஏஎம்டி பல வருஷம் அதையே வெச்சிருந்ததால, ரைசன் 5000 வரிசையும் அதே போர்டுல உட்காரும். பழசு 4 கோர், 4 திரெட். ரைசன் 5 5600ஜி-ன்னா 6 கோர், 12 திரெட். ரெண்டுமே 65 வாட், அதனால எஸ்எம்பிஎஸ் மாத்த வேண்டாம். ராம், எஸ்எஸ்டி, கேபினெட் எல்லாம் அப்படியே. ராம் விலை 2025 கடைசியில ஏறுன ஏத்தத்துல, பழைய டிடிஆர்4-ஐ காப்பாத்திக்கிறதே ஒரு சேமிப்புதான்.

இங்கதான் நான் ஒரு கூத்து பண்ணேன். ஆஃபர்ல கிடைக்குதேன்னு "ஜி" இல்லாத 5600-ஐ ஆர்டர் போட்டுட்டேன். மாட்டி ஆன் பண்ணா ஃபேன் சுத்துது, திரை கருப்பு. அந்த "ஜி"தான் உள்ளேயே கிராஃபிக்ஸ் இருக்குன்னு அர்த்தம். என்கிட்ட தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. பெட்டியைப் பிரிச்சாச்சுன்னு திருப்பியும் எடுக்கலை. தெரிஞ்ச பையன்கிட்ட ரூ.2,000 நஷ்டத்துக்குத் தள்ளினேன். ஒரே ஒரு எழுத்துக்கு ரெண்டாயிரம்.

அப்புறம் வாங்கின 5600ஜி ரூ.10,500. பழைய புராசஸர் ரூ.1,500-க்குப் போச்சு. நஷ்டத்தையும் சேர்த்து மொத்தம் ரூ.11,000. ரெண்டு மாச தவணையை விட ஆயிரம் ரூபாய்தான் அதிகம்.

நீங்க செய்யறதா இருந்தா வாங்கறதுக்கு முன்னாடியே மதர்போர்டு கம்பெனி தளத்துல உங்க மாடலைப் போட்டு, எந்த புராசஸருக்கு எந்த பயாஸ் வெர்ஷன்னு பாருங்க. பழைய புராசஸர் மாட்டியிருக்கும்போதே பயாஸை அப்டேட் பண்ணிடணும். பாதியில கரண்ட் போனா போர்டே போயிடலாம். அதனால யுபிஎஸ் இல்லாம தொடாதீங்க. மாதாந்திர பராமரிப்பு மின்தடை அறிவிப்புல உங்க ஏரியா பேர் வருதான்னு பேப்பரையும் ஒருதரம் பார்த்துக்கங்க. பிட்லாக்கர் ஆன்ல இருந்தா ரெக்கவரி கீயை எழுதி வெச்சுக்கணும். புராசஸர் மாறினா பிசி அதைக் கேட்கலாம். கூலரைக் கழட்டும்போது பத்து நிமிஷம் பிசியை ஓடவிட்டு, ஆஃப் பண்ணி, பிளக்கைப் பிடுங்கிட்டு, மெதுவா திருகி எடுங்க. காய்ஞ்ச பேஸ்ட் புராசஸரையும் சேர்த்துப் பிடுங்கிட்டு வந்துடும். ஏஎம்4-ல பின் எல்லாம் புராசஸர்லதான், வளைஞ்சா கஷ்டம். பயமா இருந்தா தெரிஞ்ச சர்வீஸ் கடையில குடுத்துடுங்க, கூலி பெருசா வராது.

எல்லாருக்கும் இது சரிப்படாது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்க. சிபியு சும்மா இருந்து டிஸ்க் மட்டும் 100%-ல நின்னா உங்களுக்கு வேண்டியது எஸ்எஸ்டி, புராசஸர் இல்லை. இன்டெல் 6, 7-வது தலைமுறை வெச்சிருக்கறவங்க இன்னும் கவனமா இருக்கணும். 8, 9-வது தலைமுறையும் எல்ஜிஏ 1151 சாக்கெட்தான், ஆனா பழைய போர்டுல ஓடாது. விண்டோஸ் 11-க்கு 8-லிருந்துதான் கணக்கு. போர்டு, புராசஸர், அதோட ராமும் மாத்தணும்னு வந்துட்டா அது கிட்டத்தட்ட புது பிசி. அப்ப பழசுல காசு போட வேண்டாம்னு அந்தக் கடைக்காரர் சொன்னது சரிதான். தவணையில வேண்டாம், ஆர்டி போட்டுச் சேர்த்து ரொக்கமா வாங்குங்க.

வாங்கறப்ப ஜிஎஸ்டி பில் கண்டிப்பா கேளுங்க. பெட்டியோட வர்ற புராசஸருக்கு கம்பெனியே 3 வருஷம் வாரன்டி தருது. பெட்டி இல்லாம வர்ற டிரே புராசஸர் கொஞ்சம் விலை கம்மி, ஆனா வாரன்டி விக்கிறவர் எவ்வளவு எழுதித் தர்றாரோ அவ்வளவுதான்.