வானொளியில் கரையும் பாறு

மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பொழுது புலர்ந்து நெடுநேரமாகியும் பாறுகள் கிளையை விட்டு எழுவதில்லை. நீர்மருத மரங்களின் உச்சியில், சிறகுகளை விரித்து வெயிலுக்குக் காட்டியபடி அமர்ந்திருக்கின்றன. கனத்த உடலைச் சிறகடித்தே சுமப்பது அரிது. நிலம் சூடேறி வெப்பக்காற்று மேலெழுந்த பின்னரே, அக்காற்றில் ஏறி வட்டமிட்டு உயர்கின்றன. ஒளிப்படக் கலைஞர் விரும்பும் இளங்காலை ஒளி அதற்குள் கடந்துவிடுகிறது.

முற்பகலில் வானம் கண்கூசும் வெண்மை; பறவையின் அடிப்புறமோ நிழல். கேமரா தன்முன் உள்ள காட்சியை நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கொண்டே ஒளியைக் கணக்கிடும். சட்டத்தின் பெரும்பகுதியை வானம் நிரப்பும்போது, ஒளி மிகுதியென்று கருதி அதனைக் குறைத்துவிடுகிறது. வானம் அழகாகப் பதிகிறது, பாறு கரித்துண்டாகிவிடுகிறது.

அழகு மட்டுமே குறைந்ததென்றால் பொறுத்துக்கொள்ளலாம். வெண்முதுகுப் பாற்றை இனங்காட்டுவது அதன் முதுகின் கீழ்ப்பகுதியிலும் சிறகின் அடியிலும் உள்ள வெண்மையே. இளம்பறவைக்கு அவ்வெண்மை இராது. நிழலுருவாகப் பதிந்த முதிர்பறவையை இளம்பறவை என்றோ, கருங்கழுத்துப் பாறு என்றோ மயங்கிவிடக்கூடும். இம்மயக்கம் சிறிதன்று. கால்நடைகளுக்குச் செலுத்திய டைக்ளோபினாக் என்னும் வலிமருந்து, அவற்றின் சடலங்களை உண்ட பாறுகளின் சிறுநீரகங்களைச் சிதைத்ததை 2004இல் அறிஞர்கள் கண்டறிந்தனர். 2006இல் இந்திய அரசு கால்நடைகளுக்கு அதனைத் தடைசெய்தது. அதற்குள் இவ்வினத்தின் பெரும்பகுதி மடிந்துவிட்டது. எஞ்சியவை குஞ்சு பொரித்துப் பெருகுகின்றனவா என்பதே இன்றைய வினா. ஐயமற்ற ஓர் இளம்பறவையின் படம் அதற்குச் சான்றாகும்.

ஆகவே, பழகிய கலைஞர் கேமராவின் கணக்கை நம்பாது, ஒளியளவை ஒன்று அல்லது ஒன்றரைப் படி உயர்த்திக்கொள்கிறார். ஷட்டர் வேகம் நொடியில் 1,000இல் ஒரு பங்கு அளவில் இருந்தால், நீண்ட வில்லையின் நடுக்கம் படத்தில் தெரியாது. வானம் வெள்ளைத்தாள் போல் வெளுத்துவிடும். கண்காட்சியில் அப்படத்திற்குப் பரிசு கிடைப்பது ஐயமே. ஆனால், சிறகடி வெண்மை தெளிவாக நிற்கும். வெளிறிய மணற்பரப்பின்மீது பறவை தாழப் பறந்தால், தரையிலிருந்து தெறிக்கும் ஒளி அடிப்புறத்தை ஓரளவு துலக்கும் என்பதும் அவர் அறிந்ததே.

இத்தனை இடரும் கூட்டருகே சென்றால் தீர்ந்துவிடும். கிளையில் அமர்ந்த பறவை நல்லொளியில் அசையாது கிடைக்கும். எனினும் அவர் செல்வதில்லை. ஆண்டுக்கு ஒரே முட்டையிடும் பறவை இது. ஆள் நெருங்கினால் தாய்ப்பறவை எழுந்துவிடும். முட்டை வெயிலில் கிடக்கும். அவர் தொலைவிலேயே, வனத்துறை இசைந்த இடத்தில் காத்திருக்கிறார். மாலை சாயும்போது, திரும்பும் பாறு ஒருபுறமாகச் சரியும் கணத்தில், தாழ்ந்த கதிரொளி அதன் சிறகடியில் படுகிறது. அவர் பொத்தானை அழுத்துகிறார்.