வலி ஏறவில்லை, தம்பி

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் வந்து மூன்று நாளாக முணுமுணுத்துக்கொண்டிருக்கிறேன். மசாஜ் செய்யும்போது நோயாளியின் வலி நம் கைக்கு ஏறிக்கொள்ளும், அதனால்தான் சாயங்காலம் கட்டைவிரல் கடுக்கிறது என்று உன் சீனியர் சொன்னாராம். நீயும் ஒவ்வொருவருக்கும் பிறகு கையை உதறி, உப்புத் தண்ணீரில் கழுவுகிறாயாம். உதறு, தப்பில்லை, அந்த ஒரு நிமிடமாவது கைக்கு ஓய்வு. ஆனால் அந்த வலி எவரிடமிருந்தும் ஏறியதல்ல. நீயே சம்பாதித்தது.

எலும்புப் பெயர்களை நீ ஒப்பித்திருப்பாய், விட்டுவிடுகிறேன். கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டை ஒட்டிய மூட்டை மட்டும் கவனி. குதிரைமேல் சேணம் போல ஓர் எலும்பின்மேல் இன்னொன்று உட்கார்ந்திருக்கிறது. பல பக்கமும் திரும்பும். அதனாலேயே பிடிமானம் குறைவு. 1977-இல் கூனி, சாவ் என்ற இருவர் கணக்குப் போட்டார்கள். விரல்நுனியால் 1 கிலோ விசையில் கிள்ளிப் பிடித்தால் இந்த அடிமூட்டில் சுமார் 12 கிலோ விழுகிறது. கிள்ளுகிற கணக்கு அழுத்துவதற்குப் பொருந்துமா என்று வாதாடுவாய். அப்படியே பொருந்தாதுதான். நீ 1 கிலோவோடு நிறுத்துகிறாயா, அதைச் சொல்.

வீட்டு எடை மெஷினை ஒரு பெஞ்சின்மேல் வை. கட்டைவிரலால் 10 கிலோ காட்டும்வரை அழுத்து. நகம் வெளுக்கும், நுனிமூட்டு பின்னால் வளையும், உன்னையறியாமல் மூச்சைப் பிடிப்பாய். பிறகு முன்கையை வைத்து, உடம்பைச் சாய்த்து அதே 10 கிலோவைக் கொண்டுவா. எதிரே இருப்பவரிடம் ஊர்க்கதை பேசலாம்.

பழகினால் காய்ப்பேறிவிடும் என்கிறார்களே, எரிச்சலாக வருகிறது. காய்ப்பு தோலில் ஏறும். மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பில் நரம்பும் இல்லை, ரத்தக் குழாயும் இல்லை. தேயும்போது வாய் திறக்காது. தேய்ந்த பிறகு சுற்றியிருப்பவை அலறும். நாற்பத்தாறு வயதில் ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்கப் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டவன் நான்.

இனி என் பித்து. சித்த மருத்துவத்தின் மசாஜ் முறையான தொக்கணம் ஒன்பது வகை: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல். எந்த நோய்க்கு எது என்று நீங்கள் படிக்கிறீர்கள். எனக்கோ இது, செய்பவன் கைக்கு முறைபோட்டுக் கொடுத்த அட்டவணையாகவும் தெரிகிறது. தட்டும்போது மணிக்கட்டு தளர்கிறது. இழுக்கும்போது பாரம் உன் இடுப்புக்கும் காலுக்கும் போகிறது. அசைக்கும்போது நோயாளியின் காலின் எடையே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. கட்டைவிரல் தனியாக மாட்டிக்கொள்வது அழுத்தலில்தான். ஏட்டில் ஆதாரம் காட்டு என்று நண்பர்கள் சிரிப்பார்கள். ஆதாரம் கிடையாது. ஆனாலும் ஒன்பது வகுத்தவர் கை வலித்தவராகத்தான் இருந்திருப்பார். நீங்களோ எட்டைப் பரீட்சைத் தாளோடு விட்டுவிட்டு, நேரம் முழுக்க ஒன்றையே பிடித்துத் தொங்குகிறீர்கள்.

நடுவில் இன்னொன்று. ‘ஸ்வீடிஷ் மசாஜைக் கண்டுபிடித்த லிங்’ என்று எழுதியிருந்தாய். லிங் 1813-இல் ஸ்டாக்ஹோமில் உடற்பயிற்சிக் கல்விக்கூடம் தொடங்கியவர். எஃப்ளூராஜ், பெட்ரிசாஜ் என்று நீ உருப்போடும் பிரெஞ்சுப் பெயர்களை ஒழுங்குபடுத்தியவர் என்று சொல்லப்படுவது மெஸ்கர் என்ற டச்சு மருத்துவரை. 1839-இல் லிங் இறந்தபோது மெஸ்கர் கைக்குழந்தை. பாம்பே மிட்டாய் பம்பாயிலிருந்தா வருகிறது?

விடு, நோயாளி படுக்கும் மேசைக்கு வருவோம். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டு முஷ்டி பிடித்தால், விரல்கணு மேசையைத் தொடவேண்டும். அதைவிட உயரமென்றால் உடம்பின் பாரம் இறங்காது. தோளைத் தூக்கிக்கொண்டு விரலால் குத்துவாய். உங்கள் மேசையைத் தாழ்த்த முடியாதென்றால் காலடியில் அகலமான மரப்பலகை போட்டுக்கொள். எண்ணெய்த் தரையில் வழுக்கும், அடியில் சாக்கு விரி. எண்ணெயையும் கொட்டாதே. வழுக்க வழுக்கப் பிடியை இறுக்குவாய். இறுக்குவது மறுபடி கட்டைவிரல்தான். நகம் வெட்டுவது, தண்ணீர் குடிப்பது, தூங்குவதெல்லாம் உனக்குத் தெரிந்ததே.

ஒரு நாளைக்கு ஏழு பேர் என்றாயே, அது படிப்பா, கூலிவேலையா? நான்கு போதுமென்று ஆசிரியரிடம் சொல். தயக்கமாக இருந்தால் இந்தக் கடிதத்தைக் காட்டு, திட்டு எனக்கு வரட்டும்.

மேசை எத்தனை அங்குலம், பலகை போட்ட பிறகு முஷ்டி எங்கே தொடுகிறது, இரண்டையும் அளந்து எழுது.

இப்படிக்கு,
உன் பழைய வாத்தியார்