படிப்படியாகக் கேட்கும் பாட்: பள்ளிப் பழுதுகளை அறிவிக்க ஒரு செயல்திட்டம்

வகுப்பறைச் சுவிட்ச் பெட்டி உடைந்துவிட்டால் ஆசிரியர்கள் பொதுவாகத் தலைமையாசிரியரிடம் வாய்மொழியாகச் சொல்வார்கள், அல்லது வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி எழுதுவார்கள். சுற்றறிக்கைகளுக்கும் காலை வணக்கங்களுக்கும் நடுவே அந்த வரி மறைந்துவிடுகிறது. எந்த அறை, யார் சரிசெய்வது, வேலை முடிந்ததா என்பதற்குப் பதிவு ஏதும் இருப்பதில்லை. ஆனால் உடைந்த பெட்டியின் அருகில் குழந்தைகள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்த இடைவெளியை நிரப்ப ஓர் எளிய டெலிகிராம் பாட் உதவும். இதற்குச் செயற்கை நுண்ணறிவு தேவையில்லை. சரியான கேள்விகளைச் சரியான வரிசையில் கேட்டாலே போதும். மேல்நிலை இரண்டாம் ஆண்டுக் கணினி அறிவியல் மாணவர்கள் பைத்தான் மொழியைப் பயில்வதால், ஆசிரியர் வழிகாட்டுதலில் அவர்களே இதை உருவாக்கலாம்.

முதலில் தாளில் வரையுங்கள்

நிரல் எழுதும் முன் உரையாடலைப் பாய்வுப்படமாக வரைய வேண்டும்.

1. என்ன பழுது? (மின்சாரம், குடிநீர், கழிப்பறை, மேசை நாற்காலி, கணினி)
2. எந்த அறை?
3. இப்போது யாருக்கேனும் ஆபத்து உண்டா? (ஆம், இல்லை)
4. புகைப்படம் அனுப்புகிறீர்களா? (அனுப்புகிறேன், தேவையில்லை)
5. தந்த விவரங்கள் சரியா? (சரி, திருத்து, ரத்து)

மூன்றாம் கேள்வியே இப்படத்தின் உயிர். 'ஆம்' என்றால் பாட் மேலும் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. "மாணவர்களை அறையை விட்டு வெளியேற்றுங்கள். உடனே தலைமையாசிரியரைத் தொலைபேசியில் அழையுங்கள்" என்ற செய்தி முதலில் வர வேண்டும். பதிவு அதற்குப் பிறகுதான். ஒரு கருவி எந்த இடத்தில் விலகி நிற்க வேண்டும் என்பதை மாணவர்கள் இங்கே கற்கிறார்கள்.

பாட்டை உருவாக்குதல்

டெலிகிராமில் 'பாட்ஃபாதர்' என்ற கணக்கைத் தேடி, புதிய பாட்டுக்கான கட்டளையை அனுப்பினால் அது பெயரைக் கேட்கும். பயனர் பெயர் 'பாட்' என்ற ஆங்கிலச் சொல்லில் முடிய வேண்டும். பிறகு ஒரு டோக்கன் கிடைக்கும். அது பாட்டின் சாவி. அதை வைத்திருப்பவர் எவரும் பாட்டின் பெயரில் செய்தி அனுப்பலாம். எனவே டோக்கனைக் கரும்பலகையிலோ, பகிரும் நிரலிலோ எழுதக் கூடாது. வெளியே தெரிந்துவிட்டால் பாட்ஃபாதரிடமே பழையதை ரத்து செய்து புதியது பெறலாம்.

ஒவ்வொரு கேள்விக்கும் விடைகளைப் பொத்தான்களாகத் தரலாம். பொத்தானை அழுத்தியதும் பாட்டுக்குச் செல்லும் மறைகுறிப்பின் உச்ச அளவு 64 பைட். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் ஆகும். 'க' 3 பைட், 'கு' 6 பைட். 'ஏழாம் வகுப்பு அ பிரிவு' என்பதே 60 பைட் ஆகிவிடும். அதனுடன் 'மின்விசிறி' சேர்த்தால் அளவு மீறும். எனவே ஆசிரியர் கண்ணுக்குத் தெரியும் எழுத்து தமிழிலும், உள்ளே செல்லும் குறிப்பு சிறு எண்ணாகவும் இருக்கட்டும். யுனிகோடு பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

யார் எந்தப் படியில் இருக்கிறார்?

ஒரே நேரத்தில் இரண்டு ஆசிரியர்கள் பழுது அறிவிக்கலாம். ஒருவர் இரண்டாம் கேள்வியிலும் மற்றவர் நான்காம் கேள்வியிலும் இருப்பார். ஒரே மாறியில் படி எண்ணை வைத்தால் ஒருவரின் அறை எண் மற்றவரின் பழுதோடு கலந்துவிடும். ஒவ்வொருவரின் பயனர் எண்ணைத் திறவுகோலாகக் கொண்ட அகராதியில் படியையும் விடைகளையும் வைக்க வேண்டும்.

நிரல் நின்றுவிட்டால் அகராதியும் அழியும். ஆகவே உறுதிசெய்த பதிவுகளை எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் சேமிக்க வேண்டும். பாட் பெறாத செய்திகளை டெலிகிராம் 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காது. ஆய்வகக் கணினியில் நிரலை இயக்கி, வெள்ளி மாலை அணைத்துவிட்டுத் திங்கள் காலை இயக்கினால், இடையில் வந்தவற்றில் பல தொலைந்திருக்கும். எப்போதும் இயங்கும் கணினி இல்லாத பள்ளிகள், "பள்ளி வேலைநாளில் மட்டும்" என்று பாட்டின் முதல் செய்தியிலேயே தெரிவிக்க வேண்டும்.

தலைமையாசிரியரின் பக்கம்

பதிவு தலைமையாசிரியருக்கு 'ஏற்றேன்', 'முடிந்தது' என்ற இரு பொத்தான்களுடன் செல்லும். அவர் அழுத்தியதும் அறிவித்த ஆசிரியருக்குத் தகவல் போகும். பாட் தானாக யாருடனும் உரையாடலைத் தொடங்க முடியாது என்பதால், தலைமையாசிரியரும் ஆசிரியர்களும் ஒருமுறையேனும் முதலில் பாட்டைத் திறந்து 'ஸ்டார்ட்' அழுத்தியிருக்க வேண்டும். பதிவு செய்த பணியாளர்களின் எண்களிலிருந்து வருவதை மட்டுமே பாட் ஏற்க வேண்டும்.

எதைக் கேட்கக் கூடாது?

பாட் உரையாடல்கள் டெலிகிராமின் ரகசிய உரையாடல்களைப் போல இருமுனை மறையாக்கம் கொண்டவை அல்ல. எனவே மாணவர் பெயர், உடல்நலம், ஆதார் எண் போன்றவற்றை எந்தப் படியிலும் கேட்கக் கூடாது. புகைப்படத்தில் பழுது மட்டும் இருக்கட்டும். குழந்தைகளின் முகம் வேண்டாம். இந்த அறிவுரையைப் புகைப்படம் கேட்கும் செய்தியிலேயே சேர்த்துவிடலாம்.

வகுப்பறைச் செயல்பாடு

மாணவர்களை இருவர் இருவராகப் பிரியுங்கள். ஒருவர் பாட், மற்றவர் ஆசிரியர். 'பாட்' பாய்வுப்படத்தில் உள்ளதை மட்டுமே பேசலாம். 'ஆசிரியர்' வேண்டுமென்றே நடுவில் நிறுத்தட்டும், பொத்தானை அழுத்தாமல் வேறு ஏதோ எழுதட்டும், ஒரே பொத்தானை இருமுறை அழுத்தட்டும். பாட் விழிக்கும் இடங்களையெல்லாம் படத்தில் சிவப்பு மையால் குறித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி வரையச் சொல்லுங்கள். கணினி இல்லாத தொடக்கப் பள்ளியிலும் இதை விளையாட்டாக நடத்தலாம்.

கலந்துரையாட

- ஐந்து கேள்விகளில் எதை நீக்கினாலும் வேலை நடக்கும்?
- 'ஏற்றேன்' என்ற பதில் மூன்று நாள் வராவிட்டால் பாட் யாருக்கு நினைவூட்ட வேண்டும்?
- திறன்பேசி இல்லாத தூய்மைப் பணியாளர் பழுதை எப்படி அறிவிப்பார்?

மூன்றாம் கேள்விக்கு விடை காணாமல் இந்தச் செயல்திட்டத்தை முடிக்க வேண்டாம். கழிப்பறைக் குழாய் உடைந்தால் முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் அவர்தான்.