தெளிப்பான் பேட்டரி பழுதானால் என்ன செய்வது?

உத்திரமேரூர் வட்டாரத்தில் நெல்லுக்கும் மணிலாவுக்கும் மருந்து தெளிக்க, முதுகில் மாட்டும் பேட்டரி தெளிப்பான்கள் புழக்கத்துக்கு வந்துவிட்டன. முன்பு இவற்றில் ஈய பேட்டரியே இருந்தது. இப்போது பல மாதிரிகள் லித்தியம் பேட்டரியுடன் வருகின்றன. பழைய ஈய பேட்டரியைக் காயலான் கடைக்காரர் எடைபோட்டு வாங்கிக்கொள்வார். லித்தியத்துக்கு அந்த மவுசு இல்லை. ஆகவே அது கொட்டகை மூலையிலோ எருக்குழியிலோ போய்ச் சேருகிறது. இரண்டுமே ஆபத்தான இடங்கள்.

ஓடாத பேட்டரியிலும் மின்சாரம் மிச்சமிருக்கும். எருவை வெட்டும்போது மண்வெட்டி பட்டு நசுங்கினால், உள்ளே இரு முனைத் தகடுகளும் ஒட்டிச் சூடேறும். உள்ளிருக்கும் திரவமோ எளிதில் தீப்பற்றக் கூடியது. புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்னும் நச்சு வாயு கலந்திருக்கும். ஈய பேட்டரி என்று சொல்லிக் கடையில் தள்ளிவிடுவதும் தவறு; ஈயம் உருக்கும் ஆலையில் லித்தியம் கலந்துவிட்டால் தீயும் வெடிப்பும் நேரும்.

முறையான மறுசுழற்சி ஆலையில் முதலில் மிச்ச மின்சாரத்தை வடித்துவிடுகிறார்கள். பின்னர் பிராணவாயு இல்லாத அறையிலோ தண்ணீருக்குள்ளோ அரைக்கிறார்கள். செம்பு, அலுமினியம், பிளாஸ்டிக் துண்டுகளைச் சலித்து எடுத்தபின் கரிய பொடி ஒன்று மிஞ்சும். மதிப்பெல்லாம் இதில்தான். இதைக் கந்தக அமிலத்தில் கரைத்து, கோபால்ட், நிக்கல் முதலியவற்றைப் படிப்படியாகப் பிரிக்கிறார்கள். மிஞ்சிய கரைசலில் சலவைச் சோடா சேர்த்தால் லித்தியம் கார்பனேட் வெண்பொடியாகப் படியும். அதைக் கொண்டு மீண்டும் பேட்டரி செய்யலாம்.

சூரிய ஒளித் தெருவிளக்குகளில் பெரும்பாலும் உள்ளது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. இதில் கோபால்ட்டும் நிக்கலும் கிடையாது. விலையும் அதனால் குறைவு. பாஸ்பேட் என்ற பெயரைப் பார்த்து உரமாகும் என்று எண்ணிவிடக் கூடாது!

2022-ம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி, பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்விப்பது தயாரிப்பாளர் பொறுப்பு. அவற்றைப் பிற குப்பையுடன் கலக்காமல் ஒப்படைப்பது உபயோகிப்பவர் கடமை. எனவே வாங்கிய கடையிலேயே கேட்க வேண்டும். அதுவரை முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, உலர்ந்த மணல் நிரப்பிய மண்பானையில், வைக்கோல் போருக்கும் உர மூட்டைக்கும் தள்ளி வைக்கலாம். உப்பிய பேட்டரியை மறுபடி சார்ஜ் ஏற்றவோ, குத்திப் பார்க்கவோ கூடாது.

எந்த வகை என்று தெரியாவிட்டால் கையில் தூக்கிப் பார்க்கலாம். அதே சக்தியுள்ள ஈய பேட்டரியின் எடையில் லித்தியம் பாதிகூட இராது.